நைலான் ஸ்ட்ரிங்கில் மெட்டைப் பாட வைத்த தருணம்: உங்கள் அனுபவம் என்ன?

தொடங்கியவர், மதுரை

கிளாசிக்கல் கிட்டாரில் நோட்டெல்லாம் சரியாக விழும், தாளமும் நிற்கும், ஆனாலும் மெட்டு தத்தித் தத்தி நடக்கும். அதைத் தாண்டி வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். யாரைக் கேட்டபோது, எந்த உருப்படியில், என்ன செய்து பார்த்தபோது உங்கள் கையில் மெட்டு பாடத் தொடங்கியது? சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள். வேகம், கிரேடு, எந்த கம்பெனி கிட்டார் என்பதையெல்லாம் வேறு இழையில் பேசிக்கொள்ளலாம்.

எனக்கு அது ஒரு பயிலரங்கில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஆசிரியர், ஸ்பானிய கிட்டார் இசையமைப்பாளர் ஃபிரான்சிஸ்கோ தாரெகாவின் 'லாக்ரிமா'வை எடுத்துக்கொண்டார். சின்ன உருப்படி, முதல் பகுதி இ மேஜர், நடுவில் இ மைனர். தொடக்கத்தில் முதல் ஸ்ட்ரிங்கில் (எல்லாவற்றிலும் மெல்லிய குரல் உள்ளது) 4, 5, 7ஆம் ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்குக் கட்டைகளில்) மேல்குரல் ஏறும். கூடவே நாலாவது ஸ்ட்ரிங்கில் 2, 4, 6 என்று கீழ்க்குரலும் ஏறும். அவர் கீழ்க்குரலை விட்டுவிட்டு மேலே உள்ள மூன்று நோட்டுகளை மட்டும் இரண்டு விதமாக வாசித்துக் காட்டினார். முதல் தடவை ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகக் கேட்டது. இரண்டாம் தடவை ஒரே மூச்சில் யாரோ பாடியது போல இருந்தது. வேகம், சத்தம் இரண்டும் மாறவே இல்லை.

என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். இடது கையைப் பார்க்கச் சொன்னார். முதல் தடவை, அடுத்த ஃபிரெட்டுக்குப் போகும் அவசரத்தில் விரல் ஒரு கணம் முன்னதாகவே எழுந்துவிடுகிறது. இரண்டாம் தடவை நோட்டின் நேரம் முழுக்க முடியும்வரை விரல் அழுத்தியபடியே இருந்து, கடைசி நொடியில் அழுத்தத்தை மட்டும் விட்டு ஸ்ட்ரிங்கிலேயே நகர்கிறது. பயணம் தாமதமாகத் தொடங்கி வேகமாக முடிகிறது. வலது கையிலும் அதே ஒழுங்கு வேண்டும் என்றார்: அடுத்த நோட்டை மீட்ட வரும் விரலோ நகமோ ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்ட்ரிங்கை முன்கூட்டியே தொட்டால் அங்கேயும் ஓட்டை விழும்.

அடுத்து அவர் சொன்னதைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். வயலின்காரர் வில்லை அழுத்தி ஒரு நோட்டை நடுவில் பெருக்கலாம், புல்லாங்குழல்காரர் மூச்சைக் கூட்டலாம். கிட்டாரில் மீட்டிய கணத்தில்தான் ஒலி உச்சத்தில் இருக்கிறது. அப்போதிலிருந்தே இறங்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் ஒரு நீண்ட நோட்டுக்குப் பிறகு வரும் நோட்டை, முந்தையது எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறதோ அந்த அளவிலிருந்து எடுக்க வேண்டும். மெட்டு ஏறினால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. நீண்ட நோட்டுக்குப் பின் சின்ன நோட்டுகள் ஓங்கி விழுந்தால் காது அங்கே ஒரு வெட்டைக் கேட்கிறது. ஆக, வாசிக்கிறவர் தன் நோட்டு கரைவதைக் கடைசிவரை காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

உறுப்பினர், தஞ்சாவூர்

அண்ணா, நான் வீணையிலிருந்து கிட்டாருக்கு வந்தவள். நீங்கள் சொன்னதைப் படிக்கும்போது எங்கள் வீணை ஆசிரியை நினைவுக்கு வந்தார். கீர்த்தனை வாசிக்கும்போது சாகித்தியத்தின் எழுத்து எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் மீட்டு விழ வேண்டும் என்பார். ஓர் எழுத்துக்குள் எத்தனை ஸ்வரம் அசைந்தாலும் அதெல்லாம் இடது கையின் வேலை.

கிட்டாரில் தாரெகாவின் 'காப்ரிச்சோ அராபே' கையில் வந்தபோது அந்தப் பாடம் அப்படியே உதவியது. டி மைனர் மெட்டு. வாக்கியங்களுக்கு நடுவே வேகமாக இறங்கும் ஓட்டங்கள் வரும், அவற்றில் லிகாடோ வளைவுகள் போட்டிருக்கும். ஒரு நோட்டை மட்டும் வலது கை மீட்டும், தொடர்ந்து வருவதை இடது கை விரல் தட்டியோ இழுத்துவிட்டோ ஒலிக்கச் செய்யும். நான் அந்த ஓட்டத்தை அகாரத்தில் பாடிப் பார்த்தேன். வாய் எங்கே புதிய எழுத்தை எடுக்கிறது என்று கவனித்தேன். அங்கே மட்டும் மீட்டினேன். அதற்கு முன்பு விரல் பயிற்சியாகக் கேட்ட இடம் பாட்டாகிவிட்டது. அச்சிட்ட வளைவுகளில் ஒன்றிரண்டை மாற்றியும் வாசிக்கிறேன். வாய் ஒப்புக்கொள்ளாத வளைவைக் கை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

வீணைக்காரர்களுக்கு இன்னொரு குறிப்பு. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஸ்வரம் மேலேறும்; கமகத்தின் உயிரே அதில்தான். நைலானில் அப்படி இழுத்தால் கிடைப்பது மிகக் கொஞ்சம். இங்கே வைப்ராட்டோவுக்கு (ஸ்வரத்தை மெல்ல அசைப்பதற்கு) விரல் நுனி தந்தியின் நீளவாக்கில், பிரிட்ஜ் பக்கமும் தலைப்பக்கமுமாக ஆட வேண்டும். அப்போது ஸ்வரம் இரண்டு பக்கமும் அசையும். 7ஆம் ஃபிரெட்டை ஒட்டிய நடுப்பகுதியில் நன்றாகக் கேட்கும். முதல் ஃபிரெட்டில் பெரிதாக ஒன்றும் நடக்காது. எல்லா நோட்டுக்கும் இதைப் போடாதீர்கள். வாக்கியம் சாய்ந்து நிற்கும் அந்த ஒரு நோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உறுப்பினர், சிங்கப்பூர்

என்னுடையது ஒரு செல்லோக்காரரோடு. எங்கள் குடியிருப்பில் ஓய்வாக வாசிப்பவர். பிரேசில் இசையமைப்பாளர் எய்தோர் வில்லா-லோபோஸின் முதல் பிரெலூட் (1940இல் எழுதிய தொகுப்பு) வாசித்துக்கொண்டிருந்தேன். அதில் மெட்டு இருப்பது கீழ் ஸ்ட்ரிங்குகளில். ஐந்தாவது ஸ்ட்ரிங்கின் 2ஆம் ஃபிரெட்டில் தொடங்கி 7ஆம் ஃபிரெட்டுக்குத் தாவும், மேலே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) மெதுவாகத் துடித்துக்கொண்டே இருக்கும். வில்லா-லோபோஸ் செல்லோவும் வாசித்தவர் என்பதால் அந்த மெட்டை இவரிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

அவர் அதை வில்லில் எடுத்தபோது இரண்டு விஷயம் கேட்டது. ஒன்று, அந்த முதல் தாவலில் அவர் வழுக்கியது நோட்டின் நேரம் முடியும் தறுவாயில்தான். பாதையில் உள்ள ஸ்வரங்கள் ஒரு சாயலாக மட்டுமே கேட்டன. இரண்டு, மேலே போய்ச் சேர்ந்த நோட்டில் அவர் நின்றார். தாளம் நிற்கவில்லை, ஆனால் அந்த நோட்டுக்கு இடம் கொடுத்தார். அந்த நேரத்தைப் பிறகு வந்த நோட்டுகளிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

பிறகு கிட்டாரில் நானே தேடிக்கொண்டது: கார்டுகளைப் பெருமளவு குறைத்தேன். பெருவிரல் மெட்டைச் சொல்லும்போது மற்ற விரல்கள் ஸ்ட்ரிங்கைத் தொட்டும் தொடாமலும் போனால் போதும். வழுக்கும்போது, கம்பி சுற்றிய கீழ் ஸ்ட்ரிங்கில் கீச்சென்று வரும் சத்தத்துக்கு, விரல் நுனியின் நடுவை விட்டு, சதைப்பற்றான பக்கம் படும்படி வைத்து, அழுத்தத்தைப் பாதியாக்கி நகர்ந்தேன். சத்தம் முழுக்கப் போகாது, மெட்டைத் தின்னாத அளவுக்கு அடங்கும்.

உறுப்பினர், கோயம்புத்தூர்

சுருக்கமாக ஒன்று. மெட்டு ஓடவில்லை என்று இடது கையைக் குறை சொல்வதற்கு முன் வலது கை நகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் சின்னக் கொக்கி இருந்தாலும் ஸ்ட்ரிங் அதில் மாட்டி விடுபடும், நோட்டின் தொடக்கத்திலேயே ஒரு 'டிக்' வரும். மெல்லிய உப்புத்தாளில் (2000ஆம் எண் அல்லது அதற்கு மேல்) ஓரத்தை இழைத்துவிட்டால், ஸ்ட்ரிங் முதலில் சதையில் பட்டு, பிறகு நகத்தில் ஏறி வழுக்கும்.

மூன்றாவது ஸ்ட்ரிங் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போருக்கு முன்பு மேல் மூன்று ஸ்ட்ரிங்கும் குடல் நரம்பு. போருக்குப் பிறகு நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின், கிட்டார் மேதை செகோவியாவின் ஊக்கத்தோடு நைலானைக் கொண்டுவந்தார். நைலானில் மூன்றாவது தடிமனாகி, ஒலி கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். மெட்டு இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கும் இடத்தில் குரல் திடீரென்று மாறுவது இதனால்தான். அந்த இடத்தில் கையை ஓர் அங்குலம் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினால் மேலொலிகள் கூடி நிறம் ஓரளவு பொருந்தும். மூன்றாவதுக்கு மட்டும் கார்பன் ஸ்ட்ரிங் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

உறுப்பினர், சென்னை (சொல்லிக்கொடுப்பவர்)

டிரினிட்டி இசைத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். எல்லாரும் வாசிக்க ஆசைப்படுவது அந்த இ மைனர் 'ரொமான்ஸ்'. இயற்றியவர் யாரென்று உறுதியாகாதது, 1952இல் நார்சிசோ யெப்பெஸ் ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு வாசித்ததில் உலகம் முழுக்கப் போனது. முதல் ஸ்ட்ரிங்கில் மோதிர விரல் மெட்டை எடுக்க, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டாவது, மூன்றாவது ஸ்ட்ரிங்குகளை நிரப்பும். முதல் பாரில் (தாளச் சுற்றில்) 7ஆம் ஃபிரெட்டின் அதே நோட் மூன்று முறை வரும்.

ஒருநாள் ஒரு சிறுமி அந்த மூன்று நோட்டையும் 'லா லா லா' என்று பாடிவிட்டு, "மிஸ், மூணாவது அடுத்ததுக்குப் போகப் பார்க்குது" என்றாள். நான் அதற்கு முன் யாருக்கும் அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. மூன்றும் ஒரே ஃபிரெட், ஒரே விரல். ஆனால் முதலாவது வந்து சேர்கிறது, இரண்டாவது இருக்கிறது, மூன்றாவது அடுத்த பாரை நோக்கிச் சாய்கிறது. அன்றிலிருந்து என் வகுப்பில் பாடாமல் யாரும் ஸ்ட்ரிங்கைத் தொடுவதில்லை.

பிறகு இப்படிச் செய்ய வைக்கிறேன். முதலில் மோதிர விரல் நோட்டுகள் மட்டும். அடுத்து மற்ற இரண்டு விரல் நோட்டுகளை எவ்வளவு சன்னமான சத்தத்தில் முடியுமோ அவ்வளவு சன்னமாகச் சேர்க்க வேண்டும். போனைப் பக்கத்து அறையில் வைத்துப் பதிவு செய்வோம். தூரத்தில் மெட்டு மட்டும் கேட்டால் சரி. மூன்று விரல்களின் நோட்டும் சமமாகக் கேட்டால் மறுபடி. மூன்றாம் பாரின் கடைசியில் மெட்டு திறந்த ஸ்ட்ரிங்குக்கு இறங்கும் இடத்தையும் கவனியுங்கள். திறந்த ஸ்ட்ரிங் இயல்பாகவே பளிச்சென்று ஒலிக்கும். வாக்கியம் அடங்க வேண்டிய இடத்தில் அது கத்தக் கூடாது என்பதால் அங்கே நகத்தைக் குறைத்து, சதையால் எடுக்கச் சொல்கிறேன்.

இதே பாடத்துக்கு கார்காஸியின் 25 எட்யூடுகளில் (பயிற்சி உருப்படிகள், ஓபஸ் 60) மூன்றாவதும் மிக நல்லது. அதில் மேலே பாடும் குரலை அப்போயாந்தோவில் எடுக்கலாம்: மீட்டிய விரல் பக்கத்து ஸ்ட்ரிங்கில் வந்து சாயும், ஒலி தடிமனாகும்.

உறுப்பினர், பார்சலோனா

வேலைக்காக இங்கே வந்து சில வருடமாகிறது. மிகேல் யோபெத் (1878–1938) இந்த ஊர்க்காரர், தாரெகாவிடம் கற்றவர். கத்தலான் நாட்டுப்பாடல்களைக் கிட்டாருக்கு அமைத்திருக்கிறார். அதில் 'அமேலியாவின் உயில்' எனக்கு உயிர். நான் அதை அழகான மெதுவான மெட்டு என்றுதான் வாசித்து வந்தேன். என்னோடு வேலை செய்யும் அம்மா ஒருவர் மதிய உணவு நேரத்தில் அதன் சொற்களைச் சொன்னார். இளவரசி அமேலியா சாகக் கிடக்கிறாள். நஞ்சு வைத்தது பெற்ற தாய். தன்னுடையதை யார் யாருக்கு விட்டுப்போகிறேன் என்று அவள் சொல்கிறாள். பல்லவியில், கார்னேஷன் பூக்கொத்தைக் கட்டியது போல் என் நெஞ்சு முடிச்சிடுகிறதே என்கிறாள்.

அந்த அம்மா அதை மெல்லப் பாடியும் காட்டினார். பல்லவி வரும் முன் அவர் மூச்சு எடுத்த இடத்தில் என் நோட்டுத்தாளில் ஒன்றுமே போட்டிருக்கவில்லை. இப்போது அங்கே நானும் மூச்சு எடுக்கிறேன், கையையும் எடுக்கிறேன். யோபெத் அதே மெட்டை ஹார்மோனிக்ஸில் (ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எடுக்கும் ஒலியில்) திரும்பச் சொல்லும் பகுதியிலும், சொற்களை மனத்துக்குள் ஓட்டினால்தான் ஒற்றை ஒற்றை மணியோசையாக உதிராமல் சேர்ந்து வருகிறது. நாட்டுப்பாடலிலிருந்து வந்த எந்த உருப்படி என்றாலும், சொற்களைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு வாசியுங்கள்.

தொடங்கியவர், மதுரை

தஞ்சாவூர்ச் சகோதரி சொன்ன மீட்டுக் கணக்கை லாக்ரிமாவின் நடுப்பகுதியில் போட்டுப் பார்த்தேன். அந்த ஏக்கம் இப்போது ஒரே இழையாக வருகிறது. மிக்க நன்றி. ஒரு கேள்வி: ட்ரெமொலோவில் (ஒரே நோட்டை விரல் மாற்றி வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டுவதில்) இதெல்லாம் எப்படி? அங்கே நோட்டே துண்டு துண்டாகத்தானே இருக்கிறது?

உறுப்பினர், யாழ்ப்பாணம்

அண்ணை, நான் தாரெகாவின்ட 'அல்ஹம்ப்ராவின் நினைவுகள்' வாசிக்கிறன், அதை வைச்சே சொல்லுறன். பெருவிரல் கீழே ஒருக்கா, பிறகு மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மேலே ஒரே நோட்டில. நாலில மூண்டுதான் மெட்டு. பெருவிரல் விழுகிற நேரம் மெட்டுக்குள்ள ஒரு இடைவெளி இருக்கு. மூண்டும் ஒரே சீரா விழுந்தா காது அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆள்காட்டி விரல் பிந்தினாலோ ஓங்கினாலோ குதிரை ஓடுறது மாதிரிக் கேக்கும்.

முதல்ல ட்ரெமொலோவை விட்டுட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் மோதிர விரல் நோட்டு ஒண்டையும் பெருவிரலையும் மட்டும் வாசியுங்கோ. மெட்டு எங்க ஏறுது, எங்க ஆறுது எண்டு அதில கேளுங்கோ. பிறகு மற்ற ரெண்டு விரலையும் சேருங்கோ. இரண்டாவது ஸ்ட்ரிங்கில தனியாப் பழகினா, ரெண்டு பக்கமும் ஸ்ட்ரிங் இருக்கிறதால விரல் அசைவு தானாச் சின்னனாகும்.

நீங்கள் மேலே சொன்ன வயலின் விஷயத்துக்கும் இதில பதில் இருக்கு. ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கிறதால, நீண்ட நோட்டு ஒண்டை மெதுவாத் தொடங்கிப் படிப்படியாப் பெருக்கலாம், பிறகு இறக்கலாம். கிட்டாரில ஒரு நோட்டு வளருறது இந்த இடத்திலதான். பராகுவே கிட்டார்காரர் பாரியோஸ் 1944இல கடைசியா எழுதின 'கடவுளின் அன்புக்காக ஒரு பிச்சை'யும் ட்ரெமொலோ உருப்படிதான். கீழே பெருவிரல் கதவு தட்டுறது போல ரெண்டு நோட்டைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைத் தொடங்கப் போறீங்கள் எண்டா, அந்தத் தட்டலை முதல்ல தனியாப் பழகுங்கோ, மெட்டை விடச் சின்னச் சத்தத்தில.