ஃபுல்பேக்குக்கு ‘முழுப்பின்னர்’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம். பந்தைக் கையில் ஏந்தி இடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் ஆட்டக்காரர் பால் யங்கரைப் பற்றிய நம் கட்டுரை வரைவுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை இது. அந்த ஆட்டத்தில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களின் பெயர்களுக்கு ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> குவார்ட்டர்பேக் = கால்பின்னர், ஹாஃப்பேக் = அரைப்பின்னர், ஃபுல்பேக் = முழுப்பின்னர். ஒரே வார்ப்பில் மூன்றும் முடிந்தது.

முடியவில்லை ஐயா. ‘கால்பின்னர்’ என்று போட்டால் காலைப் பின்னிக்கொண்டு விழுகிறவர் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார், அதுவும் கால்பந்து என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே வந்தால் சொல்லவே வேண்டாம். அதை விடுங்கள், பொருளே இடிக்கிறது. இந்தக் கால், அரை, முழு எல்லாம் ரக்பியிலிருந்து வந்த பழைய கணக்கு. முன்வரிசைக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்பதைத்தான் அது சொன்னது. அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர், தாக்கும் அணியில் குறைந்தது 7 பேர் பந்து இருக்கும் கோட்டில் முன்வரிசையாக நிற்க வேண்டும், மிச்சம் 4 பேர் பின்னால். 1940களில் பெரும்பாலான அணிகள் பிடித்துக்கொண்ட டி (T) வியூகத்தில் குவார்ட்டர்பேக் கோட்டை ஒட்டி நிற்பார், அவருக்கு நேர் பின்னால் சில கெஜம் தள்ளி ஃபுல்பேக், அவருக்கு இரு பக்கமும் ஹாஃப்பேக்குகள். அப்போதே அரையும் முழுவும் ஏறக்குறைய ஒரே வரிசைக்கு வந்துவிட்டன. பிற்பாடு ஐ (I) வியூகம் வந்தபோது ஃபுல்பேக் முன்னால் போய்விட்டார், பந்தோடு ஓடுகிறவர் அவருக்குப் பின்னால் நின்றார். ஆக, ‘முழுசாகப் பின்னால்’ நிற்பவர் என்று பெயர் வைத்தால் ஆடுகளத்தில் இருப்பதற்கு நேர்மாறு.

சங்கப் படைச் சொற்களைப் பார்க்கலாம் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். தூசி என்றால் படையின் முன்னணி, கூழை என்றால் பின்னணி. எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கணக்கில் 1949-இல் ஆடிய ஃபுல்பேக் கூழை, 1970இல் ஆடியவர் தூசி. தவிர, இன்றைக்குத் தூசி வீரர் என்றால் வீடு பெருக்குபவர், கூழை என்றால் கும்பிடு.

இதை நான் இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சொல் நமக்கு எந்தக் கட்டுரைக்காகத் தேவைப்பட்டதோ அந்த ஆள், பால் யங்கர், சாதாரண ஆட்டக்காரர் இல்லை. லூசியானா மாநிலத்தின் கிராம்ப்ளிங்கில் 1928-இல் பிறந்தவர், அங்கேயே இருந்த கறுப்பினத்தவர் கல்லூரியில் எடி ராபின்சன் என்ற பயிற்சியாளரிடம் ஆடியவர். பட்டப்பெயர் டேங்க், அதாவது பீரங்கி வண்டி. 1949இல் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது இவர் பெயரை ஒரு அணிகூடச் சொல்லவில்லை. பிறகு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் தனியாக அழைத்து ஒப்பந்தம் போட்டது. ராம்ஸ் 1946-இலேயே கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் சேர்த்து, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் நிறத்தடையை உடைத்த அணி, ஆனால் அவர்கள் இருவரும் கலிஃபோர்னியாவின் பெரிய பல்கலைக்கழகத்தில் ஆடிப் பெயர் வாங்கியவர்கள். கறுப்பினத்தவர் கல்லூரி ஒன்றிலிருந்து அந்த லீக்கில் ஆடிய முதல் ஆள் யங்கர்தான். நீ தோற்றுவிட்டால் நம்மைப் போன்ற கல்லூரிகளிலிருந்து அடுத்தவனுக்கு எப்போது வாய்ப்பு வருமோ தெரியாது என்ற பொருள்பட ராபின்சன் சொல்லி அனுப்பியதாகப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். இருபத்தோரு வயதுப் பையன் தலையில் ஏற்றுகிற பாரமா அது!

அவர் தோற்கவில்லை. தாக்குதலில் ஃபுல்பேக், தடுப்பில் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர், இரண்டு பக்கமும் ஆடினார். டிக் ஹோர்னர், டான் டவ்லர், யங்கர் மூவரும் சேர்ந்து நின்ற பின்வரிசைக்கு ‘களிற்று யானைப் பின்வரிசை’ என்று பெயர் (அவர்கள் வைத்த பெயரே அதுதான், நான் சங்கத்திலிருந்து இழுத்துவரவில்லை). மூன்று பேரும் 200 பவுண்டுக்கு மேல். வழக்கமாக ஒரு கனத்த ஆளும் இரண்டு வேகமான ஆட்களும் நிற்கிற இடத்தில் மூன்று கனத்த ஆட்களை நிறுத்தினார்கள், அதாவது மூன்று ஃபுல்பேக்குகள்! முழுப்பின்னர், முழுப்பின்னர், முழுப்பின்னர் என்று இதை எப்படி ஐயா எழுதுவீர்கள்? நிற்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் அதில் இரண்டு பேர் ஹாஃப்பேக்குகள். ஃபுல்பேக் என்ற சொல் அப்போதே இடத்தை விட்டுவிட்டு ஆளின் சுபாவத்துக்குப் போய்விட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த அணிதான் 1951 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியத்தில் கிளீவ்லாந்து பிரவுன்ஸை 24-17 என்று வென்று பட்டம் எடுத்தது.

ஆகவே என் பரிந்துரை: இடிவீரர். இடித்துக்கொண்டு ஓடுவார், அல்லது பின்னால் வருபவருக்காக இடித்து வழி திறப்பார். யங்கர் காலத்துக்கும் பொருந்தும், இன்று சில அணிகளில் மட்டும் மிஞ்சியிருக்கிற, பந்தையே அதிகம் தொடாத ஃபுல்பேக்குக்கும் பொருந்தும். நம் நாளிதழ்களில் வரும் கால்பந்தின் ஃபுல்பேக் வேறு, அவர் கோலுக்கு அருகில் நின்று தடுப்பவர், அவருக்கு இந்தச் சொல்லைக் கொடுக்க வேண்டாம். முதல் தடவை மட்டும் ‘ஃபுல்பேக் எனப்படும் இடிவீரர்’ என்று எழுதிவிட்டால் போதும்.

> யார்டு என்றே எழுதலாமே, கெஜம் துணிக்கடைச் சொல்.

துணிக்கடைச் சொல் என்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது. யங்கர் 770 தடவை பந்தைச் சுமந்து 3,640 கெஜம் ஓடினார், பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் டச்டவுன் 34. எனக்கு இதில் எந்த உறுத்தலும் இல்லை.

அடுத்தது இழையில் யாரும் சரியாகத் தொடாத பகுதி. 1958-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் கடைசியாக ஆடினார் யங்கர், அப்புறம் ராம்ஸுக்காகக் கல்லூரி கல்லூரியாகப் போய் ஆட்களைப் பார்த்துச் சொல்லும் வேலை. ஆங்கிலத்தில் ஸ்கவுட். வரைவில் இதற்குச் ‘சாரணர்’ என்று போட்டிருக்கிறார்கள். கழுத்தில் துணி கட்டிய பள்ளிப்பிள்ளைகள்தான் கண்முன் வருகிறார்கள். ‘ஆள்பிடிப்பவர்’ அதைவிட மோசம், போலீஸைக் கூப்பிடத் தோன்றும். ‘வீரர் தேடுநர்’ என்று வைத்துக்கொள்ளலாம், பார்த்த உடனே புரிகிறது. இந்த வேலைக்கு யங்கரைப் போன்ற ஒருவர் வந்தது அணிக்கு எவ்வளவு பெரிய லாபம் என்று யோசித்துப் பாருங்கள். கறுப்பினத்தவர் கல்லூரிகளின் பக்கம் பல அணிகள் எட்டிக்கூடப் பார்க்காத காலம், அந்தக் கல்லூரிகளிலேயே பிறந்து வளர்ந்த மனிதர் இவர். ராபின்சன் தம் காலத்தில் 200 பேருக்கு மேல் தொழில்முறை அணிகளுக்கு அனுப்பினார். அந்த வரிசையில் முதல் ஆள் இப்போது மேசையின் மறுபக்கம்.

எல்லோருக்கும் அந்த மேசை கிடைத்துவிடவில்லை. பிரவுன்ஸின் மரியன் மோட்லியை எடுத்துக்கொள்ளுங்கள், அதே காலத்தின் மிகப்பெரிய ஃபுல்பேக், 1968-இல் தொழில்முறைக் கால்பந்தின் கௌரவ மண்டபத்தில் (ஹால் ஆஃப் ஃபேம்) சேர்க்கப்பட்டவர். ஆட்டம் முடிந்தபின் அந்த லீக்கில் பயிற்சியாளர் வேலை கேட்டார், கடைசிவரை கிடைக்கவில்லை. அதனால்தான் கட்டுரையில் யங்கரின் இரண்டாம் பாதியை இரண்டு வரியில் முடித்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. ஓடிய கெஜத்தை வேறொருவர் தாண்டிவிடுவார்.

ஃப்ரண்ட் ஆஃபீஸ் என்பதற்கு ‘முன் அலுவலகம்’ என்று வரைவில் இருப்பதை தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது ஓட்டல் வரவேற்பு மேசை. அணியை நடத்துகிற மேலிடத்துக்கு ‘அணி நிருவாகம்’ போதும், இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேட வேண்டாம்.

பதவிப் பெயர் மட்டும் கொஞ்சம் இழுபறி. 1975-இல் யங்கர் ஏற்ற ‘அசிஸ்டெண்ட் ஜெனரல் மேனேஜர்’ பதவியை ‘உதவிப் பொது மேலாளர்’ என்பதா, ‘துணைப் பொது மேலாளர்’ என்பதா? வங்கி வழக்கத்தில் முதலாவதுதான் சரி, இரண்டாவது அதற்கு மேற்பட்ட பதவி. ஆனால் வங்கியில் உதவிப் பொது மேலாளர்கள் ஏராளம், அவர்களுக்கு மேலே எத்தனையோ படிகள். அமெரிக்கக் கால்பந்து அணியில் இந்தப் பதவிக்கு மேலே பொது மேலாளர், அவருக்கு மேலே உரிமையாளர், பெரும்பாலும் அவ்வளவுதான். அதனால் ‘துணை’ என்பதே என் வாக்கு. அந்த லீக்கில் இப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். ராம்ஸ், சான் டியேகோ சார்ஜர்ஸ் என இரண்டு அணிகளின் நிருவாகத்திலும் இருந்தார். கட்டுரையில் ‘முதல் கறுப்பின நிருவாகி’ என்று மொட்டையாக இருப்பதை மாற்றிப் பதவியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த படி ஏற எவ்வளவு காலமாயிற்று என்பது அப்போதுதான் வாசகருக்கு உறைக்கும். லீக்கில் ஒரு கறுப்பினத்தவர் முழுப் பொது மேலாளர் ஆனது 2002-இல், பால்டிமோர் ரேவன்ஸில் ஆஸி நியூசம். யங்கர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

இன்னொன்று, அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டுக்கு வரைவில் ‘ஏலம்’ என்று இருக்கிறது. ஐபிஎல் பார்த்த பழக்கம். அங்கே யாரும் விலை கேட்பதில்லை, போன வருடம் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும், பிறகு முறைவைத்து மற்றவர்கள். ‘முறைத்தேர்வு’ என்று நினைக்கிறேன், பள்ளித் தேர்வோடு குழம்புமா என்று ஆசிரியர்களாக இருப்பவர்கள் சொல்லுங்கள். இதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. இடிவீரருக்கு மறுப்பு இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.