கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோ: உண்மையில் எத்தனை மணித்தியாலப் பயணம்?

உப்புவெளி மகன்:
வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவிடம் அம்மா ஆனி மாதத்தில் முதன்முறையாகப் போகிறார். இரவு 10.00 மணிக்குக் கட்டுநாயக்காவில் புறப்பட்டு, டுபாயில் விமானம் மாறி, மறுநாள் காலை 9.30 மணிக்கு இறங்குவார் என்று பயணச்சீட்டில் இருக்கிறது. பதினொன்றரை மணித்தியாலம்தான் என்று அம்மா நிம்மதியாக இருக்கிறார்; எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், சாப்பாட்டையும் மாத்திரையையும் திட்டமிட உண்மையான நேரம் தெரிய வேண்டும். டுபாய் போவது சுற்றுப்பாதையா?

கோணமலை வாத்தியார்:
தம்பி, சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். கோடைகாலத்தில் ரொறன்ரோ நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்தங்கியிருக்கும் (குளிர்காலத்தில் பத்தரை) என்பதால், அதைக் கூட்டினால் மொத்தம் 21 மணித்தியாலம் வரும். டுபாய்க்கு ஏறத்தாழ நாலரை மணித்தியாலம், அங்கே காத்திருப்பு இரண்டரை, அதன்பின் ஒரே இருக்கையில் 14.

சுற்றுப்பாதை என்று சொல்ல முடியாது. இரண்டு நிலையங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியாகப் போனால் 3,290 உம் 11,080 உம் சேர்ந்து 14,370. லண்டன் வழியும் ஏறக்குறைய 14,400 தான். சுவர் வரைபடத்தைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஒரு பூகோள உருண்டையில் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அது அத்திலாந்திக்கை விட்டு வட துருவப் பக்கமாக ஏறிப் போகும். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போது ஒருவராவது நூலைப் பறித்துத் தாமே இழுத்துப் பார்க்காமல் விட்டதில்லை.

ஸ்காபரோவிலிருந்து:
திரும்பி வரும்போது பறக்கும் நேரம் குறையும். மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் வீசும் கடுங்காற்று விமானத்தைத் தள்ளிவிடுவதால், ரொறன்ரோவிலிருந்து டுபாய்க்குப் 13 மணித்தியாலமோ சற்றுக் குறைவாகவோதான் எடுக்கும். ஆனால் கடிகாரம் அப்போது எதிர்ப்பக்கமாக விளையாடும்: பிற்பகலில் ஏறியவர் மறுநாள் இரவில்தான் கட்டுநாயக்காவில் இறங்குவார். மாத்திரை விடயத்தில் "21 மணித்தியாலம், நடுவில் நேர வலயம் இரண்டு தடவை மாறி, மொத்தம் ஒன்பதரை மணித்தியாலம் பின்போகும்" என்று வைத்தியரிடம் அப்படியே சொல்லி, நேர அட்டவணை எழுதி வாங்குங்கள். மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள்.

நிலாவெளி வான்காரர்:
எல்லோரும் வானத்துக் கணக்கையே பார்க்கிறீர்கள். திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்காவுக்குச் சுமார் 250 கிலோமீற்றர்; கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் வழியாக ஐந்தரை முதல் ஆறு மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்க வேண்டுமென்றால், மதியம் 12 மணிக்கே வீட்டிலிருந்து வெளிக்கிடுங்கள். பகலிலேயே ஹபரணையைக் கடந்துவிடலாம். பொழுதுபட்டால் வீதியில் யானை நிற்கும், அது விலகும் நேரத்தை எந்தச் சீட்டிலும் அச்சிட மாட்டார்கள்.

உப்புவெளி மகன்:
மிக்க நன்றி. அப்படியானால் வீட்டு வாசலிலிருந்து ரொறன்ரோ ஓடுபாதைவரை 31 மணித்தியாலம். அம்மாவிடம் இன்றிரவே சொல்லிவிடுகிறேன்.