குனு/லினக்ஸா, வெறும் லினக்ஸா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

குரோம்பேட்டை உறுப்பினர்:

பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு மாணவியிடம், “எந்த இயங்குதளத்தில் செய்தாய்?” என்று கேட்டார். “குனு/லினக்ஸ், சார்” என்றாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “லினக்ஸ் என்று மட்டும் சொல்லம்மா” என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து ‘யூநேம்’ கட்டளையைத் தட்டினார். திரையில் ‘லினக்ஸ்’ என்று வந்தது. அந்தப் பெண் அசரவில்லை. அதே கட்டளையோடு ஒரு சிறு கோட்டையும் ‘ஓ’ எழுத்தையும் சேர்த்துத் தட்டினாள். ‘குனு/லினக்ஸ்’ என்று வந்தது!

முதலாவது வன்பொருளை இயக்கும் மையப்பகுதியான கெர்னலின் பெயர், இரண்டாவது அந்தக் கெர்னலும் குனு திட்டத்தின் கருவிகளும் சேர்ந்த முழு இயங்குதளத்தின் பெயர். அந்தக் கட்டளையே குனு திட்டத்தார் எழுதியது என்பதால், தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட இந்தச் சாட்சியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தேர்வாளர் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போட்டுவிட்டார். அதன்பின் ஆசிரியர் அறையில் மூண்ட சண்டைதான் இன்னும் ஓயவில்லை. உங்கள் பக்கம் எப்படி?

ரிச்சி தெரு உறுப்பினர்:

கடைக்கு வந்து லினக்ஸ் என்று கேட்பவர்களே குறைவு. லினக்ஸ் வகைகளில் ஒன்றின் பெயரைச் சொல்லி, “உபுண்டு போட்டுக் கொடுங்கள் அண்ணா” என்பார்கள், அவ்வளவுதான். தமிழக அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது; முழுப்பெயர் ‘பாஸ் குனு/லினக்ஸ்’. “இந்த பாஸை எடுத்துவிடுங்கள் அண்ணா” என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். எடுத்தெறியச் சொல்லும் பொருளின் முழுப்பெயரை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

தரமணி உறுப்பினர்:

எங்கள் அலுவலகத்தில் குழுத் தலைவர் தீவிர குனு பக்தர். வடிவமைப்பு ஆவணம் ஒன்றில் ‘லினக்ஸ்’ என்று இருந்த இடமெல்லாம் ‘குனு/லினக்ஸ்’ என்று மாற்றிவிட்டார். ‘ஆல்பைன் லினக்ஸ்’ என்ற வரிகூடத் தப்பவில்லை. ஆல்பைனில் அடிப்படை நூலகம் மசில், கட்டளைகள் பிசிபாக்ஸ். இரண்டுமே குனுவுடையவை அல்ல. அந்த ஒரு வரியை மட்டும் பழையபடி திருத்தினேன். மறுநாள் மீண்டும் குனு வந்திருந்தது. நான் மீண்டும் திருத்தினேன். ஆவணத்தின் மாற்ற வரலாற்றைப் பார்த்தால் ஏதோ எல்லைத் தகராறு போல இருக்கும்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். தொகுப்பி, ஷெல், நூலகம் என்று ஒவ்வொன்றாக வந்தன. கெர்னல் மட்டும் வந்தபாடில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த இடத்தை நிரப்பினார். அவர் மனத்தில் இருந்த பெயர் ‘ஃபிரீக்ஸ்’. சேவையகத்தில் இடம் ஒதுக்கிய ஆரி லெம்கேதான் அடைவுக்கு ‘லினக்ஸ்’ என்று பெயர் வைத்தார். ஆக, இந்தப் பெயருக்காக டோர்வால்ட்ஸைத் திட்டுவதில் பொருளில்லை.

குரோம்பேட்டை உறுப்பினர்:

ஆல்பைன் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. எத்தனை வரி நிரல் யாருடையது என்று பங்குக் கணக்கு பார்க்கும் குனுக்காரர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனக்குப் பெரிதாகத் தெரிவது உரிமம்தான். 1992இல் டோர்வால்ட்ஸ் தன் கெர்னலைக் குனுவின் பொது உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். மாணவர்கள் மூலநிரலைப் பிரித்துப் பார்க்கவும், திருத்தவும், திருத்தியதை அடுத்தவருக்குக் கொடுக்கவும் அந்த உரிமமே வழிசெய்கிறது. நம் ஆண்ட்ராய்டு கைபேசியில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். அதை லினக்ஸ் என்று யாராவது சொல்கிறோமா? அப்படியென்றால் ஆய்வகத்தில் ‘லினக்ஸ்’ என்னும்போது நாம் வெறும் கெர்னலைச் சொல்லவில்லை. ஆகவே வகுப்பில் குனுவை விடமாட்டேன். கடையில் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

ரிச்சி தெரு உறுப்பினர்:

கடையிலும் எழுதிப் பார்த்தேன் சார். விலைப்பட்டியலில் சாய்வுக்கோடு போட்டு ‘குனு/லினக்ஸ்’ என்று ஒட்டியிருந்தேன். ஒரு பெரியவர் நிதானமாகப் படித்துவிட்டு, “இதில் குனு மட்டும் போட எவ்வளவு தம்பி?” என்று கேட்டார்.