முதல் தடவை பாராசெய்லிங்: ஏறுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்கணும்?

கரைவலை (கேள்வி)

வணக்கம். அடுத்த மாசம் லீவுக்குக் கடற்கரைப் பக்கம் போறோம். நான், மனைவி, பத்து வயசுப் பொண்ணு. மூணு பேருக்கும் பாராசெய்லிங் (படகு இழுக்க, பாராசூட்டுல மேலே பறக்குறது) இதுதான் முதல் தடவை. எனக்கு மட்டும்தான் நீச்சல் தெரியும். ஒரு விளம்பரத்துல 800 அடின்னு போட்டிருக்காங்க. இன்னொரு இடத்துல படகே ஏறாம மணல்லேருந்தே மேலே ஏத்துறாங்களாம், கட்டணமும் கம்மி. எதை வச்சு முடிவு பண்றது? கயிறு அறுந்துட்டா என்ன ஆகும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தென்காற்று

உயரத்தையும் கட்டணத்தையும் அப்புறம் பார்க்கலாம், முதலில் காற்றைப் பாருங்கள். இந்த விளையாட்டில் நடக்கும் பெரிய விபத்துகளில் அடிக்கடி வரும் காரணம் அதுதான். ஏற்றவே கூடாத காற்றில் ஏற்றியிருப்பார்கள், அல்லது ஆள் மேலே இருக்கும்போதே மழைக்கு முந்திய வீச்சு (திடீரென்று வேகம் கூடும் காற்று) வந்திருக்கும்.

பாராசூட்டை இழுக்கும் விசை காற்றின் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 20 கி.மீ. அடிக்கும் காற்று 28 ஆனாலே இழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 40 ஆனால் நான்கு மடங்கு. படகு காற்றுக்கு எதிரே போகும்போது படகின் வேகமும் இதில் சேரும். சாதாரண வீச்சு என்றால் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே சமாளித்துவிடுவார். படகை நிறுத்திய பிறகும் இழுப்பு குறையவில்லை என்றால் அவர் கையில் மிச்சம் எதுவும் இல்லை. வின்ச் (படகில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் எந்திரம்) கயிற்றைச் சுற்ற முடியாமல் திணறும், படகு பின்னோக்கி இழுபடும், ஒவ்வொரு அலையிலும் கயிறு வெடுக்கென்று விறைக்கும். கயிறு அறுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

எது அளவு என்றால், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் 2014-இல் கொண்டுவந்த சட்டத்தை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தொடர்ந்து வீசும் காற்று மணிக்கு 20 மைலை, அதாவது 32 கி.மீ.-ஐத் தாண்டினால் அங்கே ஏற்றக் கூடாது. வீச்சு 25 மைலைத் தாண்டினாலும் கூடாது. 7 மைலுக்குள், சுமார் 11 கி.மீ.-க்குள், இடி மின்னல் இருந்தாலும் கூடாது. அது உச்ச வரம்பு. முதல் தடவை போகிறவர்கள், அதுவும் குழந்தையோடு, இதற்கு நிறையவே கீழே இருக்கும் காற்றில் போவதுதான் சரி.

கருவி இல்லாமலே ஓரளவு கணிக்கலாம். கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரைத் தலை தெரிந்தால் காற்று 12 முதல் 19 கி.மீ. அடிக்கடி தெரிந்தால் 20 முதல் 28. பார்க்கிற பக்கமெல்லாம் வெள்ளையாக இருந்தால் 29-ஐத் தாண்டிவிட்டது, அன்றைக்கு விட்டுவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு கடற்காற்று வலுப்பது வழக்கம், அதனால் காலை முதல் சுற்றைக் கேட்டு வாங்குங்கள். தொலைவில் கருமேகம் கட்டி, திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் மழை வர இன்னும் நேரமிருக்கிறது என்று நம்பாதீர்கள். அந்த வீச்சு மழைக்குப் பல கிலோமீட்டர் முன்னாலேயே ஓடிவரும்.

படகுக்காரரிடம் இரண்டு கேள்வி போதும்: "இப்போ காத்து எவ்வளவு, எதுல அளந்தீங்க?", "எவ்வளவு ஆனா நிறுத்துவீங்க?" எண்ணாகப் பதில் சொல்கிறவரை நம்பலாம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்பது பதில் ஆகாது.

அந்த 800 அடி பெரும்பாலும் கயிற்றின் நீளமாகத்தான் இருக்கும். கயிறு செங்குத்தாக நிற்காது, சாய்ந்துதான் போகும். 30 பாகையில் நின்றால் 800 அடிக் கயிற்றுக்கு 400 அடி உயரம், 45 பாகையில் சுமார் 565. முதல் தடவைக்கு 300 அடியே தாராளம். மேலே போகப் போகக் காற்றும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

பாய்மரம்

தென்காற்று சொன்னதோடு, மணலா படகா என்கிற கேள்விக்கு என் பதில்: படகு. பின்தளத்தில் உட்கார்ந்தபடியே ஏறி, வின்ச் சுற்றும்போது அதே தளத்தில் வந்து இறங்கும் முறை. மணலிலிருந்து ஏற்றும்போது மரம், கட்டடம், மின்கம்பி, குறுக்கே நடக்கிற ஆட்கள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். இறங்கும்போது விசில் சத்தம் கேட்டதும் நீங்களே ஒரு பக்கப் பட்டையைக் கீழே இழுத்துத் திரும்பவும் வேண்டியிருக்கும். எந்தப் பட்டை என்று தெரிய அதில் வண்ணத் துணி கட்டியிருப்பார்கள். பயத்தில் கை மாறிவிட்டால் போகக் கூடாத பக்கம் போவீர்கள்.

ஹார்னஸ் (பாராசூட்டோடு உங்களை இணைக்க உடம்பில் மாட்டும் பட்டைகள்) மாட்டும்போது அவசரப்பட விடாதீர்கள். லைஃப் ஜாக்கெட் உள்ளே, ஹார்னஸ் அதற்கு மேலே. ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காது வரை ஏறினால் அளவு பெரிது. காலைச் சுற்றி வரும் பட்டை தொடையின் மேல்மட்டத்தில், உட்காரும் எலும்பை ஒட்டி இருக்க வேண்டும். முழங்கால் பக்கம் நழுவினால், கயிறு விறைத்ததும் உடம்பு முன்னால் வழுக்கி, மொத்த எடையும் மார்புப் பட்டைக்குப் போகும். இருபுறக் கொக்கிகளும் பூட்டியிருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் அழுத்திப் பாருங்கள். பட்டையின் நிறம் வெளுத்து, தையல் ஓரம் பஞ்சு பஞ்சாக நிற்கிறது என்றால் வெயிலும் உப்பும் அதைத் தின்றிருக்கின்றன. கொக்கியில் துரு என்றால் பேச்சே வேண்டாம்.

கயிற்றின் நுனியையும் பாருங்கள். முடிச்சு போட்ட இடத்தில் கயிறு தன் வலுவில் பெரும் பங்கை இழக்கக்கூடும். அந்த நுனிதான் தினமும் தேயும் இடமும்கூட. ஒழுங்காக நடத்துகிறவர்கள் தேய்ந்த நுனியை அடிக்கடி வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். கேட்டால் கோபிக்காமல் காட்டுவார்கள்.

ஏறும்போது எழுந்து குதிக்காதீர்கள். கால் நீட்டி உட்கார்ந்திருந்தால் பாராசூட் தானாகவே மெல்லத் தூக்கும். இறங்கும்போது தளம் காலுக்கு நேர் கீழே வரும்வரை காலை மடக்கி வையுங்கள். படகின் கம்பியை எட்டிப் பிடிக்க வேண்டாம், அதில்தான் கைவிரல் மாட்டும்.

நீள முடியைப் பின்னி உள்ளே செருகிவிடுங்கள். சங்கிலி, மோதிரம், தொங்குகிற துணி எதுவும் வேண்டாம். பட்டை உரசாமலிருக்கத் தொடையை மூடும் இறுக்கமான உடை நல்லது.

கரைவலை

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். தண்ணியில விழுந்துட்டா நீச்சல் தெரியாதவங்க என்ன செய்யணும்? பொண்ணைத் தனியா அனுப்பலாமா?

தென்காற்று

தனியாக வேண்டாம். வயதைவிட எடைதான் இங்கே கணக்கு. இலேசான உடம்பை வைத்துக்கொண்டு பாராசூட் உயரே போய் நிற்கும், காற்று கொஞ்சம் கூடினாலும் இறக்குவது சிரமம். உங்களில் ஒருவரோடு சேர்த்து அனுப்புங்கள். இருவர் எடையையும் உடையோடு சரியாகச் சொல்லுங்கள், எந்தப் பாராசூட், எவ்வளவு கயிறு என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மூவரும் சேர்ந்து ஏறினால் எடை கூடியவர் நடுவில். ஹார்னஸ் அவள் இடுப்புக்கும் தொடைக்கும் பொருந்தவில்லை என்றால் இந்த முறை அவள் படகில் உட்கார்ந்து பார்க்கட்டும். பெரியவர்களுக்கான பட்டையை முடிச்சுப் போட்டுச் சின்னதாக்க ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கயிறு அறுந்தால் கல் மாதிரி விழ மாட்டீர்கள். பாராசூட் விரிந்தே இருக்கும், காற்று போகும் திசையில் மிதந்து மெல்ல இறங்கும். அந்தத் திசையில் கடல் இருந்தால் படகு வந்து தூக்கிக்கொள்ளும். காற்று கரையை நோக்கி அடிக்கிறது, படகும் கரையை ஒட்டியே ஓடுகிறது என்றால், கட்டடமும் மின்கம்பியும்தான் எதிரே வரும். அதனால் கடலிலிருந்து காற்று வீசும் நாளில், கயிற்று நீளத்தைப்போல மூன்று மடங்காவது கரையைவிட்டு விலகி ஏற்றுகிறார்களா என்று பாருங்கள்.

தண்ணீரில் இறங்க நேர்ந்தால், கால் நீரைத் தொடும்வரை கொக்கியில் கை வைக்கக் கூடாது. உயரத்தைக் கண் குறைத்துக் காட்டும். தொட்ட பிறகு காற்று இலேசாக இருந்தால் பாராசூட் பின்னால் சரிந்துவிடும். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், மல்லாந்து கிடந்தால் போதும், நீச்சல் தெரிய வேண்டியதில்லை. காற்று பலமாக இருந்து பாராசூட் இழுத்துக்கொண்டே போனால்தான் கொக்கியைக் கழற்ற வேண்டும். விறைப்பில் சில வகைக் கொக்கிகள் கழலாது, அதனால் எப்படிக் கழற்றுவது என்று கரையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். துணி தலைமேல் விழுந்தால் கையால் மேலே தூக்கிப் பிடியுங்கள், மூச்சுக்கு இடம் கிடைக்கும். பிறகு ஒரே தையல் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓரம் வரை போங்கள். காலை உதைத்தால் நூல்கள் சுற்றிக்கொள்ளும்.

வேடிக்கைக்காகத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். மனைவிக்கு வேண்டாம் என்றால் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். "இறக்குங்க" என்பதற்கு என்ன சைகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், மேலேயிருந்து கத்தினால் கேட்காது.

உப்புக்காற்று

யாரும் சொல்லாத ஒண்ணு: மேலே இருக்கிறது பத்து நிமிஷம்தான், மத்தவங்க முறை முடியுற வரைக்கும் படகுல ஒரு மணி நேரம் ஆகலாம். குமட்டல் அங்கதான் வரும். வயித்தைக் காலியாவும் வைக்காதீங்க, நிறைச்சும் வைக்காதீங்க. தொடுவானத்தைப் பார்த்து உட்காருங்க. மாத்திரை போடுறதா இருந்தா, எது, எவ்வளவு நேரம் முன்னாடின்னு மருந்துக்கடையில கேட்டு ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுடணும். கர்ப்பமா இருக்கிறவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, இதய நோய், வலிப்பு, முதுகு டிஸ்க் பிரச்சினை உள்ளவங்க ஏற வேண்டாம்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தா அதுல பாராசெய்லிங்னு பேர் போட்டுச் சேர்த்திருக்கான்னு பாருங்க, சாகச விளையாட்டுகளை விலக்கியிருக்கிற பாலிசி நிறைய இருக்கு. அங்கே நீட்டுற உறுதிமொழித் தாளைக் கையெழுத்துக்கு முன்னாடி படிச்சுடுங்க. காத்து கூடி ரத்து ஆனா காசு திரும்பத் தருவாங்களான்னு அதுலேயே இருக்கும். தர மாட்டாங்கன்னா, காத்து ஏறின பிறகும் உங்களை ஏத்தத்தான் பார்ப்பாங்க.