குறிஞ்சி நீலம் அச்சில் ஊதாவாகிறது

கேள்வி: கோத்தகிரி தேயிலைத் தூள் பாக்கெட்டுக்கு லேபிள். திரையில் குறிஞ்சிப் பூ நீலமாக இருக்கிறது, ஆஃப்செட் அச்சில் ஊதாவாக வருகிறது. இலைப் பச்சையும் மங்கல். என்ன செய்யலாம்?

பதில் 1: நீலத்தில் சயானுக்கும் (வெளிர்நீல மை) மெஜந்தாவுக்கும் (ஊதா கலந்த சிவப்பு மை) குறைந்தது 30 சதவீதப் புள்ளி இடைவெளி வேண்டும். சயான் 100, மெஜந்தா 90 வைத்தால் ஊதாதான்; 100, 65 போட்டுப் பாருங்கள். திரையில் தெரியும் பளிச் பச்சை நாலு மையில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) வரவே வராது. இலைக்குச் சயான் 75, மஞ்சள் 100, மெஜந்தா 0 வையுங்கள். கொஞ்சம் மெஜந்தா கலந்தாலும் அழுக்காகிவிடும்.

பதில் 2: முதலில் அச்சகத்தில் எந்த ப்ரொஃபைல் (அச்சு முறைக்கும் தாளுக்கும் ஏற்ற நிறக் கோப்பு) என்று கேளுங்க சார். ஆர்ட் பேப்பர் என்றால் பெரும்பாலும் ஃபோக்ரா 39. போட்டோஷாப்பில் 'கன்வெர்ட் டு ப்ரொஃபைல்' கொடுக்கணும். 'அசைன் ப்ரொஃபைல்' கொடுத்தால் நிற எண்கள் மாறாது, தோற்றம் மட்டும் மாறும். சின்ன எழுத்து வெறும் கருப்பு 100.

பதில் 3: லேபிளுக்கு மேட் லேமினேஷனா (பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலம்)? அதுவும் நிறத்தை இறக்கும். பச்சை அப்படியே வேண்டுமென்றால் பான்டோன் (எண் கொடுத்து வாங்கும் தயார் நிறம்) தனி மைதான். அதற்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு) கூடும், சிறு ஆர்டருக்குக் கட்டாது.