மறு: 'டெட் நோட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். கிடார் தந்தியை அழுத்தாமல், விரலால் தொட்டபடி அடிக்கும்போது சுரமில்லாமல் வரும் ஓசைதான் 'டெட் நோட்'. அதற்கான கலைச்சொல் பற்றியே இந்தப் பேச்சு.

> 'செத்த சுரம்' என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. சுரம் என்றால் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும் பலருக்கு. மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். விளையாட்டு இருக்கட்டும். அந்த ஓசை சாகவே இல்லை என்பதுதான் என் வாதம்.

ஆங்கில ராக் இசைக்குழுவான ரேடியோஹெட்டின் 'கிரீப்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் பாடகர் தாம் யார்க் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் படித்தபோது எழுதியது. 1992இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு ஸ்டுடியோவுக்கு வேறு பாட்டுகளைப் பதியப் போன இடத்தில் இதைச் சும்மா வாசித்தார்கள். தயாரிப்பாளர்கள் இருவரும் வேறு யாருடைய பாட்டையோ வாசிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்களாம். முழுத் தப்பும் இல்லை. 'தி ஏர் தட் ஐ ப்ரீத்' பாட்டின் சாயல் இருந்ததால், அதை எழுதிய ஹாமண்ட், ஹேசில்வுட் பெயர்கள் பிறகு இதிலும் ஏறின.

நமக்கு வேண்டியது கோரஸுக்குச் சற்று முன்னால். பாட்டு ரொம்ப மென்மையாகப் போகிறதென்று குழுவின் கிடார் கலைஞர் ஜானி கிரீன்வுட்டுக்குப் பிடிக்கவில்லை. கிடார் தந்திகளை ஓங்கி அடித்தார். இடக்கை விரல்கள் தந்தியைத் தொட்டிருக்கும், மெட்டில் (கிடார் கழுத்தின் குறுக்குக் கம்பியில்) அழுத்தாது, வலக்கை அடிக்கும். சுரம் பிறக்காது. டிஸ்டார்ஷனும் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) சேர்ந்தால் துருப்பிடித்த கடை ஷட்டரை இழுத்த மாதிரி 'கர்ரக்'. பாட்டைக் கெடுக்க அடித்த அடியே பாட்டின் அடையாளமாகிவிட்டது. இதைப் போய்ச் செத்தது என்பதா?

என் பரிந்துரை: ஊமையடி. ஊமைக்காயம் என்கிறோமே, அந்த வழியில்.

—

> ஊமையடி

எனக்கு இரண்டு தடை. 'ஊமை' என்ற சொல்லை இப்போது தவிர்க்கிறோம். அப்புறம், காதைக் கிழிக்கிற அடி எப்படி ஊமையாகும்? 'மொட்டையடி' சரிவருமா?

—

மொட்டையடி என்றால் பழனிக்குப் போகச் சொல்வதாகிவிடும்!

முதல் தடை நியாயம். ஆளைச் சுட்ட நானும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் 'ஊமைவெயில்' போன்ற சொற்களை விடவும் மனமில்லை. குழு வேண்டாமென்றால் 'சுரமிலி அடி'க்கு இறங்கி வருகிறேன், வாயில் நுழையாது என்றாலும். இரண்டாவதற்கு மிருதங்கத்தைப் பாருங்கள். 'தீம்' ரீங்கரித்து நிற்கும், 'கிட' நிற்காது. அதற்காகக் 'கிட' கேட்காமலா போகிறது? ஊமைக்கும் சத்தம் உண்டு, பேச்சுத்தான் இல்லை. இந்தத் தந்தியும் ச ரி க எதையும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும்: 'பாம் மியூட்'டை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே உள்ளங்கை ஓரம் தந்தியை அமுக்கினாலும் சுரம் கேட்கும். அதற்கு 'அமுக்கடி' என்று எழுதி வைத்திருக்கிறேன், தனி இழையில் அனுப்புகிறேன்.