ஆய்வகக் குரங்குகளோடு உங்களுக்கு ஏற்பட்ட அனுபவம்

வெயிலோன்:
எலி, முயல் பற்றி நிறையப் பேர் சொல்லியாகிவிட்டது, குரங்குகளோடு இருந்தவர்களும் எழுதுங்கள். நான் அமெரிக்காவில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி) செய்தபோது கண்நோய் மரபணுக் குழுவில் இருந்தேன். ரீசஸ் குரங்குகளில் சிலவற்றுக்கு, நிறம் பார்க்க உதவும் பிடிஇ6சி என்ற மரபணு பிறவியிலேயே பழுதாக இருக்கும். கலிபோர்னியாவில் கண்டுபிடித்து 2019-ல் வெளியிட்டார்கள். மனிதர்களுக்கு வரும் அதே நோய்தான், நிறம் தெரியாது, வெளிச்சத்தில் கண் கூசும். மனிதக் கண்ணில் விழித்திரையின் நடுவே கூர்மையாகப் பார்க்க உதவும் மேக்குலா என்ற பகுதி எலிக்குக் கிடையாது, அதனால் இந்த ஆராய்ச்சியில் குரங்கை விட்டால் வழியில்லை. அதெல்லாம் தெரிந்துதான் போனேன். ஒரு குட்டி. விளக்கு முழு வெளிச்சத்தில் எரிகிறது, கூண்டில் திராட்சை போட்டோம். அது கண்ணால் தேடவே இல்லை, கண்ணை இடுக்கிக்கொண்டு தரையைக் கையால் தடவித் தடவித் தேடியது. விளக்கைக் குறைத்தோம். உடனே தலையைத் தூக்கி நேராக வந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. சிகிச்சை கண்டுபிடிக்க இந்த நோயுள்ள குட்டிகள் இன்னும் வேண்டும், அதற்காகப் பழுதான மரபணுவைச் சுமக்கிற ஆணையும் பெண்ணையும் பார்த்து ஜோடி சேர்க்கிறோம். வேலை தேவையானது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கை தடவியது மனதை விட்டுப் போகவில்லை.

கவிதா, கால்நடை மருத்துவர்:
வெயிலோன் சார், ஜோடி சேர்ப்பதற்கே இவ்வளவு யோசிக்கிறீர்கள். ஷாங்காயில் உடல் கடிகாரத்துக்கான பிமால்1 மரபணுவை வெட்டி நீக்கி, அப்படிப் பிறந்த ஒரு குரங்கிலிருந்து ஐந்து குளோன்களை உருவாக்கி 2019 ஜனவரியில் அறிவித்தார்களே. தூக்கம் கெட்டு, பயந்துபோய் இருந்தன என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இயற்கையில் வந்த குறையைப் படிப்பதும், நோயையே உண்டாக்கி அதை நகலெடுப்பதும் ஒன்றா? எனக்கு ஒன்றில்லை. நான் பார்த்தது சின்ன விஷயம்தான். தனிமைப்படுத்தும் கொட்டகையில் காசநோய்ப் பரிசோதனைக்கு மருந்தைக் குரங்கின் மேல் இமையில்தான் ஊசி போடுவோம், நோய் இருந்தால் வரும் வீக்கம் பிடித்துக் கட்டாமல் எட்டி நின்றே தெரியும் என்பதால். மயக்கம் தெளிந்த ஒரு பெண் குரங்கு, பக்கத்துக் கூண்டுக் குரங்கின் இமையைக் கம்பி வழியாக விரலால் மெல்ல நீவிக்கொண்டிருந்தது, தன் இமையைத் தொடவில்லை. குறிப்பேட்டில் இரண்டுக்கும் வீக்கம் இல்லை என்று எழுதினேன். அந்த விரலை எழுத அதில் கட்டம் இல்லை.

பரணி:
கவிதா அக்கா, ஷாங்காய்ப் பேச்சு இருக்கட்டும், கூண்டுப் பக்கம் போகிறவர்கள் யாரும் கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லையே. நான் பராமரிப்பாளராக இருந்தேன். கூண்டு கழுவும்போது ஒருநாள் என்னவோ தெறித்துக் கண்ணில் பட்டது, உடன் இருந்த அண்ணன் கேள்வியே கேட்காமல் என் பிடரியைப் பிடித்துக் குழாயடியில் குனிய வைத்தார். பிறகுதான் விஷயம் சொன்னார்கள். ரீசஸ் போன்ற மக்காக் வகைக் குரங்குகளிடம் பி வைரஸ் இருக்கும், அவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, மனிதனுக்கு வந்தால் மூளைக்கே போய்விடும். 1997-ல் அட்லாண்டாவில் ஓர் இளம் ஆராய்ச்சியாளர் கண்ணில் தெறித்ததாலேயே இறந்திருக்கிறார், கடி கூட இல்லை. அதனால் சொல்கிறேன், கண்ணாடியும் முகக் கவசமும் இல்லாமல் உள்ளே போகாதீர்கள், வெறும் சர்ஜிக்கல் மாஸ்க் போதாது. கடித்தாலோ கீறினாலோ முதலில் சோப்புத் தண்ணீரில் முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், கண் என்றால் தண்ணீரையே ஓட விடுங்கள். மேலாளருக்கு போன் போடுவது அதற்கு அப்புறம். எந்தக் குரங்கு என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வைரஸ் மருந்து தேவையா என்று டாக்டர் அன்றே முடிவு செய்யட்டும், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோயில் குரங்கு கடித்தாலும் கழுவுவது இதேதான், கூடவே வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள், மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீட்டில் உட்காராதீர்கள்.

கரோல்பாக் ராமன்:
தம்பி வெயிலோன், எனக்கு ஆய்வகம் தெரியாது. சின்ன வயதில் டெல்லியில் இருந்தோம், அப்பா வேலை அங்கே. ரயில் நிலையப் பார்சல் பக்கம் குரங்குகளை அடைத்த மூங்கில் கூண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள், இடுக்கு வழியாக எத்தனையோ கைகள் வெளியே நீண்டிருந்தன, கூலியாட்கள் ஒதுங்கி நடந்தார்கள். போலியோ தடுப்பு மருந்து வேலைக்கு அமெரிக்கா போகிறது என்றார் அப்பா. 1950-களின் கடைசியில் ஆண்டுக்கு லட்சம் குரங்குகளுக்கும் மேல் போயின, 1978-ல்தான் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. எங்களுக்கெல்லாம் சொட்டு மருந்து கிடைத்தது, அதை மறுக்கவில்லை. நீங்கள் பார்த்த குட்டி அந்தக் கூட்டத்து வம்சமாக இருக்குமா?

வெயிலோன்:
இருக்கலாம் ஐயா. தடைக்குப் பிறகு அமெரிக்காவிலேயே இனப்பெருக்கம் செய்து வளர்த்த இந்திய வம்சாவளிக் கூட்டங்கள் இன்றும் இருக்கின்றன, எச்ஐவி ஆராய்ச்சிக்கு அவற்றைத்தான் அதிகம் கேட்பார்கள். 2007-ல் வெளியான முதல் ரீசஸ் மரபணுத்தொகுதியும் இந்திய வம்சாவளிப் பெண் குரங்கினுடையதுதான். பரணி, கண்ணாடி போட்டுத்தான் போனோம்.